சலவை இயந்திரத்தின் மேல் ஒரு சர்வர்

மனித குலம் இன்னும் விடுதலை அடையவில்லை. கைவிலங்கை உடைத்தோம், மன்னர்களைத் துரத்தினோம், கொடியேற்றினோம். ஆனாலும் நம் விரல் எந்த எழுத்தை அழுத்துகிறது என்று எங்கோ ஒருவன் குறித்துக்கொண்டிருக்கும்வரை நாம் அடிமைகளே. இந்தக் கடைசிப் போரின் பாசறை துனிஸ் நகரத்தில், லஃபயெத் பகுதியில், டாக்டர் ஃபெத்தியின் பல் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இருந்தது. சனிக்கிழமை மாலை மட்டும்.

ஈறு வீக்கத்தின் நான்கு கட்டங்களை விளக்கும் சுவரொட்டிக்குக் கீழே நின்று சங்கத் தலைவன் லசாத் மேற்படிப் பிரகடனத்தை வாரம் தவறாமல் படிப்பான். உறுப்பினர்கள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்பார்கள். அந்த அறையில் எல்லாருமே அப்படித்தான் உட்காருவது வழக்கம்.

லசாத் உயர்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியன். துனிஸ் கட்டற்ற மென்பொருள் சங்கத்தை நிறுவியவன், அதன் முதல் தலைவன், இதுவரைக்கும் ஒரே தலைவன். மூலநிரலைத் திறந்து காட்டாத மென்பொருள் ஒரு வரிகூட அவன் மடிக்கணினியில் கிடையாது. உள்ளேயிருந்த வைஃபை சில்லு சுதந்திரமற்றது என்று அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஒரு குச்சியைச் செருகியிருந்தான். கதவுக்கு நேராக வைத்தால்தான் அந்தக் குச்சிக்கு இணையம் எட்டும். அதனால் விடுதலையைப் பற்றி அவன் பேசுவதெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டுதான்.

கைபேசியில் யாரையும் வேவு பார்க்காத வரைபடம் ஒன்று வைத்திருந்தான். அவன் அதைப் புதுப்பித்துப் பல காலம் ஆகியிருந்ததால், புதிதாகப் போட்ட சாலைகளையும் அது பார்க்கவில்லை. மைத்துனியின் கல்யாணத்துக்கு நாபிலுக்குக் கிளம்பியவன், பாதாம் பலகாரத் தட்டுகள் காலியாகி உள்ளே போகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

"ஆனா நான் எந்த வழியா வந்தேன்னு உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது," என்றான்.

"உனக்கும்தான் தெரியல," என்றாள் அவன் மனைவி ஒல்ஃபா.

சங்கத்தாரும் ஒல்ஃபாவும் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள லசாத் தன் வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்திருந்தான். பழைய கணினி ஒன்றைத் துடைத்து, அதற்கு ஹன்னிபால் என்று பெயரிட்டு, வேறு இடம் இல்லாததால் சலவை இயந்திரத்தின் மேல் அமர்த்தியிருந்தான். ஹன்னிபாலுக்கு இரண்டு விதிகள். முதல் விதி: யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்று ஹன்னிபால் குறித்து வைக்காது. இரண்டாம் விதி: ஹன்னிபாலின் அமைப்பில் ஒளிவுமறைவு கிடையாது, அதன் ஒவ்வொரு வரியையும் பொதுவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் விதியைச் சொல்லும்போது லசாத்தின் குரல் தழுதழுக்கும். இரண்டாவதை வேகமாகச் சொல்லி முடித்துவிடுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த போரில் போன குளிர்காலம் சுஹைர் வந்து சேர்ந்தான்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் நிரல் எழுதுகிறவன். முப்பது வயது, நல்ல பல்வரிசை, ஃபெத்தியே பாராட்டினார். துனிஸில் ஒருவர் பெயருக்கு முன்னால் 'சீ' போட்டால் மரியாதை. சுஹைர் முதல் நாளிலிருந்தே "சீ லசாத், சீ லசாத்" என்றுதான் கூப்பிட்டான். லசாத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சுஹைரின் வாயிலிருந்து வரும்போது அந்தச் சொல் அவனுக்கு நம்முடைய பொருளிலேயே கேட்டது.

முதல் காயம் புத்தகக் கடைக்கார அம்மாள் வந்த அன்று பட்டது. "எனக்கு எல்லாத்தையும் மாத்தணும்னு ஆசைதான். எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் புரியல," என்றாள் அவள். லசாத் எழுந்து, கணினிக்கு மின்சாரம் ஏறியதும் விழிக்கும் முதல் நிரல் யாருக்குச் சொந்தம் என்பதிலிருந்து ஆரம்பித்தான். அம்மாளின் முகம் பல் பிடுங்க வந்தவளின் முகமாக மாறிக்கொண்டே வந்தது. அவன் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடைவெளியில் சுஹைர் சொன்னான்:

"அக்கா, இன்னைக்கு பிரவுசரை மட்டும் மாத்துங்க. ஒத்துப்போச்சுன்னா அப்புறம் பாஸ்வேர்டைப் பார்ப்போம். அவ்ளோதான்."

அவள் மாற்றினாள். அடுத்த வாரம் ஒரு தட்டு நிறைய மக்ரூத் என்ற பேரீச்சம்பழப் பலகாரம் கொண்டுவந்து சுஹைரின் மடியில் வைத்தாள். லசாத்துக்கும் ஒன்று வந்தது, உடைந்தது.

அதற்குப் பிறகு லசாத் சுஹைரிடம் ஒரு குற்றம் தேடினான். இடைவேளையில் எல்லாரும் கீழே ப்ரீக் வாங்கப் போயிருந்தபோது அவன் கணினியைத் தூக்கி அடியில் பார்த்தான். பையனின் கணினி விழித்தெழும் முதல் நிரல்வரை கட்டற்றது. லசாத் நாலு வருஷமாக முயன்று பாதியில் விட்ட வேலை அது. போதாக்குறைக்கு வைஃபையும் குச்சி இல்லாமலே வேலை செய்தது. பையன் பாவியாக இருந்திருந்தால் லசாத் பெருந்தன்மையோடு மன்னித்திருப்பான். தன்னைவிடச் சுத்தமானவனை என்ன செய்வது?

ப்ரீக் வந்தது. உள்ளே வேகாத முட்டை மஞ்சள் ததும்பும் அந்தப் பலகாரத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் தின்கிறவனை அந்த ஊர் ஒரு மாதிரி மதிப்போடு பார்க்கும். சுஹைர் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, ஒரு சொட்டுச் சிந்தாமல் தின்று விரலைத் துடைத்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் லசாத்தின் ப்ரீக்கிலிருந்து மஞ்சள் கரு அவன் தாடி வழியாக இறங்கி, 'என் தரவு என் உரிமை' என்று அச்சிட்ட சட்டையில் 'உரிமை'யின் மேல் நின்றது.

இதுவரைகூடத் தாங்கிக்கொண்டான். ஒல்ஃபாவின் மருந்துக்கடைதான் அவனை உடைத்தது.

கடையின் இருப்புக் கணக்கைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றித் தரச்சொல்லி ஒல்ஃபா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். லசாத் அதற்கு ஒரு திட்ட முன்னுரை எழுதியிருந்தான், அத்தியாயம் பிரித்து. ஒரு நாள் கடைக்குப் போனால் கணினியில் புதுத் திரை ஓடிக்கொண்டிருந்தது.

"யார் போட்டது?"

"சுஹைர். ஆஸ்பிரின் வாங்க வந்தான். பாத்தான், உக்காந்தான், முடிச்சிட்டுப் போயிட்டான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"உங்கிட்ட நான் ரெண்டு வருஷம் வார்த்தை சொல்லியாச்சு, லசாத்."

"தலைவலியா அவனுக்கு?"

"இப்ப இல்ல," என்றாள் ஒல்ஃபா.

அந்தக் கோடையில்தான் அவள் கைபேசியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து எதையோ படிப்பாள். உதட்டைக் கடித்துக்கொள்வாள். பிறகு தோள் குலுங்கும். லசாத் அறைக்குள் வந்தால் கைபேசி குப்புறக் கவிழும்.

"என்ன சிரிப்பு?"

"சும்மா."

"யாரு?"

"ஆளுங்கதான்."

திரையில் செய்தி எட்டிப்பார்க்காதபடி அமைத்துக் கொடுத்தவன் லசாத். கைபேசி பூட்டிக்கொண்டால் ராணுவம் வந்தாலும் திறக்காதபடி மறையாக்கம் செய்தவன் லசாத். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்கிறவர்களைக் கேலி செய்து, அவளைத் தாயம் உருட்டவைத்து, விழுந்த எண்களுக்கேற்ப ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஏழு சொற்களைக் கோத்துக் கொடுத்தவனும் அவனே. அப்போது, "நான் திரும்பிக்கிறேன், எங்கிட்டகூடச் சொல்லாதே," என்று சுவரைப் பார்த்து நின்றான். அந்த நிமிஷத்துக்காக வருந்தியதுபோல் வாழ்க்கையில் வேறெதற்காகவும் அவன் வருந்தியதில்லை. மனைவியின் கைபேசிக்கு அவன் கட்டிய கோட்டையில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. அவ்வளவு நல்ல வேலைக்காரன்.

ஒரு சாயங்காலம் அவள் மேல் மல்லிகை வாசம் அடித்தது. சுஹைர் சனிக்கிழமைகளில் அந்த ஊர் ஆண்களின் வழக்கப்படி காதோரம் மல்லிகைச் செண்டு செருகிக்கொண்டு வருவான். லசாத் இரண்டையும் சேர்த்துக் கூட்டினான். கோடையில் துனிஸில் பாதிப் பேர் மேல் மல்லிகை வாசம்தான் அடிக்கும் என்பதை அந்தக் கணக்கில் அவன் சேர்க்கவில்லை.

அடுத்த நாள் மதியம், ஒல்ஃபா கடையில் இருந்த நேரம் பார்த்து, அவன் ஹன்னிபாலின் முன்னால் போய் நின்றான். செய்திகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஹன்னிபாலாலும் படிக்க முடியாது. ஆனால் யார், எப்போது நுழைந்தார், யாருக்கு அனுப்பினார் என்பதைக் குறித்து வைக்கச் சொல்லலாம். அமைப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். 'என்ன பேசினார்கள் என்பது தேவையே இல்லை, யார் எப்போது யாரோடு என்பது போதும், ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் கையில் வந்துவிடும்' என்று எச்சரித்து அவன் ஆற்றிய உரை ஊரில் பிரபலம். இப்போது அதே உரை அவனுக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது.

மனச்சாட்சி சும்மா இருக்கவில்லை. சொந்த மனைவியை மட்டும் வேவு பார்ப்பது கீழ்த்தரம் என்று அது சொன்னது. லசாத் கொள்கைவாதி, உடனே ஒப்புக்கொண்டான். ஒருத்தியை மட்டும் பிரித்துப் பார்ப்பது அநியாயம் என்று சங்கத்தார் அனைவரையும் சேர்த்தே குறித்து வைக்கும்படி ஹன்னிபாலுக்குக் கட்டளையிட்டான். சேமிக்கும்போது, மாற்றத்துக்கு ஒரு குறிப்பு எழுதச்சொல்லித் திரை கேட்டது. பழகிய விரல்கள் 'சிறு திருத்தம்' என்று தட்டி முடித்தன.

பிறகு ஒரு வாரம் அவன் அந்தப் பதிவைத் திறக்கவில்லை. திறக்கத்தான் போவான். சலவை இயந்திரம்வரை போய் நிற்பான், உள்ளே காய்ந்த துணி இருக்கும், அதை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவான். வீட்டில் அவ்வளவு ஒழுங்காகத் துணி மடிக்கப்பட்ட வாரம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒல்ஃபா இரண்டு தடவை கேட்டாள்.

சனிக்கிழமை வந்தது. வழக்கமாகச் சங்கத்துக்கு வராத ஒல்ஃபா அன்று வந்திருந்தாள். உட்கார வேறு நாற்காலி இருந்தும் சுஹைருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்திலேயே உட்காராமல் இரண்டு தள்ளி ஏன் என்று லசாத் அதையும் குறித்துக்கொண்டான். பிரகடனம் முடிந்ததும் சுஹைர் எழுந்தான்.

"சீ லசாத், தப்பா எடுத்துக்காதீங்க. ஹன்னிபால்ல இந்த வாரம் ஒரு மாற்றம் வந்திருக்கு. எனக்குச் சரியா புரியல, அதான் கேக்குறேன்."

"மாற்றமா? உனக்கெப்படித் தெரியும்?"

"மெயில் வந்துச்சே. எல்லாருக்கும்தான் வந்துச்சு."

இரண்டாம் விதி என்று ஒன்று இருந்தது அல்லவா? சங்கம் தொடங்கிய உற்சாகத்தில் லசாத்தே ஏற்பாடு செய்ததுதான் அது: ஹன்னிபாலின் அமைப்பில் யார் எந்த எழுத்தை மாற்றினாலும், மாற்றியவர் பெயரோடும் குறிப்போடும் அது தானாகவே பொதுப் பக்கத்தில் ஏறிக்கொள்ளும், ஒவ்வோர் உறுப்பினருக்கும் கடிதம் போகும். அவனுக்கும் போயிருக்கும். ஆனால் ஹன்னிபாலின் கடிதங்கள் எல்லாம் துணி பிழியும்போது கணினி குலுங்குகிறது என்ற புலம்பலாகவே இருந்ததால், அவற்றைப் பார்வையில் படாமல் ஓரம் கட்டும்படி அவன் எப்போதோ செய்துவிட்டிருந்தான்.

ஃபெத்தி புரொஜெக்டரைப் போட்டார். ஈறு சுவரொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவரில் அந்த மாற்றம் பெரிதாக விழுந்தது. பழைய வரி சிவப்பில், புது வரி பச்சையில். பதிவு: வேண்டாம். பதிவு: அனைவரும். மாற்றியவர்: லசாத். குறிப்பு: சிறு திருத்தம்.

"இதுதான் சிறு திருத்தமா?" என்றாள் புத்தகக் கடை அம்மாள்.

"தொழில்நுட்பக் காரணம்," என்றான் லசாத். "ஹன்னிபாலோட உடல்நிலையைக் கண்காணிக்க..."

"உடல்நிலையைப் பாக்க யார் யாரோட பேசுறாங்கன்னு எதுக்குய்யா?" என்று கேட்டார் ஃபெத்தி. "எங்கிட்ட வர்றவன் வாயைத்தான் பாக்குறேன். அவன் யாருக்கு முத்தம் குடுத்தான்னா கேக்குறேன்?"

முத்தம் என்ற சொல் தவறான நேரத்தில் வந்து விழுந்தது. லசாத்துக்கு ரத்தம் தலைக்கேறியது.

"கேளுங்களேன்! கேட்டாத்தான் என்ன? யார் யாரோட பேசுறாங்க, எந்நேரமும் எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு கேக்க எனக்கு உரிமை இல்லையா?"

ஒல்ஃபா மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"அடப்பாவி," என்றாள். "என்னையா?"

"நான் பொதுவாச் சொன்னேன்."

"ஊரையே வேவு பாத்திருக்கே, என்னைப் பாக்குறதுக்கு! நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். 'ஆளுங்கதான்'னு சொன்னே."

சுஹைர் குறுக்கே வந்தான். "சீ லசாத், யாரும் இன்னும் படிக்கல இல்ல? எல்லார் முன்னாடியும் அழிச்சிடுவோம். முடிஞ்சுபோச்சு. நாங்க மறந்துடுறோம்."

"ஆமாய்யா, அழிச்சிடு. திறக்கவே திறக்காதே," என்றார் ஃபெத்தி. அவர் குரலில் ஓர் அவசரம் இருந்தது. "என் பேச்சைக் கேளு, லசாத். திறக்காம அழிச்சிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த அவசரம்தான் காரியத்தைக் கெடுத்தது. நண்பனுக்கும் தெரிந்திருக்கிறது! ஊருக்கே தெரிந்திருக்கிறது!

"ஏன் திறக்கக் கூடாது? மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கு என்ன பயம்?"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அந்தக் கேள்வியைக் கேட்பவன் போலீஸ்காரன் அல்லது போலீஸ்காரனாக ஆசைப்படுகிறவன் என்று பிரகடனத்தின் மூன்றாம் பத்தியில் வரும். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. எல்லாருக்கும் மனப்பாடம்.

"திற," என்றாள் ஒல்ஃபா. "எனக்கும் பாக்கணும்."

லசாத் வாசலுக்கு நேராகக் கணினியைத் திருப்பி, குச்சியைச் சரிசெய்து, ஹன்னிபாலை எட்டினான். பதிவு சுவரில் விழுந்தது.

லசாத் நுழைந்தார். லசாத் எல்லாருக்கும் அனுப்பினார். லசாத் வெளியேறினார். லசாத் நுழைந்தார். லசாத் எல்லாருக்கும் அனுப்பினார். லசாத் காத்திருந்தார். லசாத் வெளியேறினார்.

அவன் கீழே நகர்த்தினான். லசாத், லசாத், லசாத். வேகமாக நகர்த்தினான். ஒரு வார நீளத்துக்கு அந்தச் சுவரில் வேறு ஒரு பெயரும் வரவில்லை. ஒல்ஃபா இல்லை. சுஹைர் இல்லை. யாருமே இல்லை.

"அதான் வேணாம்னு சொன்னேன்," என்றார் ஃபெத்தி.

"மத்தவங்க எல்லாம் எங்க?"

ஃபெத்தி செருமினார். "நாங்க... மெசேஜ் அனுப்புற அந்த நீல ஆப்புக்குப் போயிட்டோம். ரமலான்லயே. அதுவும் கட்டற்றதுதான், மறையாக்கம் எல்லாம் இருக்கு. உன் ஹன்னிபால்ல அனுப்பினா ஒல்ஃபா துணி துவைக்கிற அன்னைக்குப் போறதே இல்லையே, லசாத். பல் பிடுங்கற தேதியைப் போட்டா பல் தானா விழுந்த பிறகு பதில் வருது."

நீலச் செயலியைப் பற்றி லசாத் பதினான்கு பக்கக் கட்டுரை எழுதியிருந்தான். அது சேரும்போது தொலைபேசி எண் கேட்கிறது, ஆகவே அது விடுதலையின் வேடமிட்ட அடிமைத்தனம் என்பது அதன் சாரம். சங்கமே எழுந்து நின்று கைதட்டிய கட்டுரை. கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் அனைவரும் அதே செயலியை இறக்கிக்கொண்டார்கள் என்று இப்போது தெரிந்தது.

"அப்போ நீ சிரிச்சது?" ஒல்ஃபாவைக் கேட்டான்.

"குரூப்லதான். என்னை விட்டா இருபத்திரண்டு பேர். நல்லா பேசுவாங்க. அந்த அம்மா கவிதைகூடப் போடுவாங்க."

"சுஹைர்?"

"அவன் அதுல பேசுறதே இல்ல. அவன் வேலையைப் பாப்பான்."

லசாத் ஒரு கணம் ஆறுதல் அடைந்தான். அடுத்த கணம், ஒருவன் மேல் வைத்திருந்த பொறாமையை இருபத்திரண்டு பேருக்குப் பிரித்துப் போடவேண்டியிருந்தது. அது பிரித்ததில் குறையவில்லை. கவிதை போடும் புத்தகக் கடை அம்மாளைப் பார்த்தான், பல் தேதி போடும் ஃபெத்தியைப் பார்த்தான். எல்லாரும் அவன் மனைவியைச் சிரிக்கவைத்திருக்கிறார்கள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்," என்றாள் ஒல்ஃபா. "இப்ப எனக்கு அந்தக் கவலை இல்ல."

பதிவை அழித்தார்கள். ஹன்னிபாலின் அந்த ஒரு சொல்லை ஒல்ஃபாவே தன் கையால் திருப்பி மாற்றி, குறிப்பில் 'பெரிய திருத்தம்' என்று எழுதினாள். அது இருபத்திரண்டு பேருக்கும் கடிதமாகப் போனது. தலைவர் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படாததால் லசாத்தே தலைவனாகத் தொடர்கிறான். பிரகடனமும் தொடர்கிறது, மூன்றாம் பத்தி இல்லாமல்.

அன்று வீடு திரும்பியதும் லசாத் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நீலச் செயலியை இறக்கினான். அது தொலைபேசி எண் கேட்டது. கொடுத்தான். ஃபெத்தி அனுப்பிய இணைப்பைத் தட்டி, குழுவில் சேர விண்ணப்பித்தான். நிர்வாகியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கவும் என்று வந்தது. நிர்வாகி ஒல்ஃபா.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. அவள் இன்னும் ஒப்புதல் தரவில்லை.